ஃபுட்பேக் விளையாடினால் மூட்டு தேயுமா?

ஃபுட்பேக் விளையாடுகிறேன் என்று சொன்னால், அது என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் துணிப்பந்து, அதைக் கையால் தொடாமல் காலாலேயே காற்றில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் பிற்காலத்தில் மூட்டு என்ன ஆகும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் அக்கறையால் கேட்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் பிள்ளை இதில் இறங்கிவிட்டதால் கேட்கிறார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் ஆட ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டிய பிறகும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். நடுவில் முழங்கால் வலியால் பல மாதங்கள் ஒதுங்கியும் இருந்தேன். எனவே இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை.

முதலில், எந்த ஃபுட்பேக் என்று கேட்க வேண்டும். நண்பர்கள் வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிவிடுவது ஒரு வகை. இது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நடை பழகுவதுதான். பேட்மிண்டன் மைதானம் அளவுள்ள களத்தில், ஐந்தடி உயர வலைக்கு இருபுறமும் நின்று ஆடுவது இன்னொரு வகை. இதில் ஓட்டம், தாவல், காலை வலைக்கு மேலே உயர்த்தி அடிப்பது எல்லாம் உண்டு. மூன்றாவது ஃப்ரீஸ்டைல். பந்தை மேலே எழுப்பி, அது விழுவதற்குள் காலை அதைச் சுற்றி வளைத்து, உடலைத் திருப்பி, மீண்டும் காலிலேயே ஏந்தி நிறுத்த வேண்டும். நான் ஆடுவது இதைத்தான். ஒரே காலசைவை மணிக்கணக்கில் தொடரும் எண்ணிக்கைச் சாதனைகளும் இருக்கின்றன. 1997 ஜூன் மாதம் டெட் மார்ட்டின் என்பவர் பந்தைத் தரையில் விடாமல் 63,326 முறை தட்டினார். அதற்கு எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்த நான்கும் உடலிடம் கேட்பவை வேறு வேறு. வட்டமாக நின்று தட்டுகிறவருக்கு ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரரின் எச்சரிக்கைகளைச் சொல்லிப் பயமுறுத்துவதில் பொருளில்லை.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு முழங்காலைச் சரிசெய்வதற்காகத்தான். 1972இல் அமெரிக்காவின் ஆரிகன் சிட்டியில் மைக் மார்ஷல் தானே தைத்த சிறு பந்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறிக்கொண்டிருந்த ஜான் ஸ்டால்பெர்கர், காலுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று அவருடன் சேர்ந்துகொண்டார். அந்தப் பந்துதான் பின்னர் ஹேக்கி சாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மார்ஷல் 1975இலேயே, இருபத்தெட்டு வயதில் மாரடைப்பால் இறந்துவிட்டார். ஸ்டால்பெர்கர் அந்தப் பெயரையும் விளையாட்டையும் தொடர்ந்து எடுத்துச் சென்றார். மெதுவாக, சீராக, இரண்டு காலாலும் மாறி மாறித் தட்டும்போது இது முழங்காலுக்கு நல்ல பயிற்சி என்பதை என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன். ஃப்ரீஸ்டைலுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது.

பந்தின் எடை சுமார் 40 முதல் 60 கிராம். அது காலில் விழுவதால் எலும்புக்கோ மூட்டுக்கோ எதுவும் ஆகப்போவதில்லை. கால்பந்தில் இருப்பதுபோல் மோதலும் இல்லை, எதிராளியின் கால் குறுக்கே வருவதும் இல்லை. உடலின் மீது விழும் சுமை முழுவதும் நம் உடலே தருவதுதான். பலரும் கவனிக்காத இடம் ஒன்று இதில் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணும் ஆடுபவர் மனமும் பந்தைத் தொடும் காலின் மீதே இருக்கின்றன. அந்தக் கால் காற்றில் சுதந்திரமாக இருக்கிறது. அந்த நேரத்தில் முழு உடலையும் சுமந்துகொண்டு, பாதி மடங்கி, தரையில் முறுக்கிக்கொண்டு நிற்பது மற்றொரு கால்.

கிளிப்பர் என்றொரு அடிப்படை வித்தை உண்டு. வலது காலை, ஊன்றி நிற்கும் இடது காலுக்குப் பின்புறமாகக் கொண்டுபோய், பாதத்தின் உட்பக்கம் மேலே பார்க்கும்படி திருப்பி, பந்தை அதில் ஏந்தி நிறுத்த வேண்டும். எழுதுவதற்கே இவ்வளவு நீளம். செய்வதற்கு அரை நொடி. ஃப்ரீஸ்டைலில் கடினமான வித்தைகளில் பெரும்பகுதி கிளிப்பரில் தொடங்கும் அல்லது கிளிப்பரில் முடியும். பட்டர்ஃபிளை, வேர்ல் எல்லாமே இந்தக் குடும்பம்தான். எனக்கு வலது காலில் ஏந்துவது இயல்பாக வந்தது. எல்லோருக்கும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். ஆண்டுகள் போகப் போக அந்தப் பக்கத்திலேயே மேலும் மேலும் கடினமானவற்றைக் கற்றுக்கொண்டு போனேன்.

வலி வந்தது இடது முழங்காலில். சிப்பி எலும்புக்குச் சற்றுக் கீழே, விரல் நுனியால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று இருக்கும். ஆடத் தொடங்கும்போது வலிக்கும், உடல் சூடேறியதும் மறைந்துவிடும், மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஊக்கம் குறையாமல் தொடர்ந்து ஆட வைக்கும் வலி இது. ஆடும்போதுதான் வலிப்பதில்லையே!

எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முழங்காலின் உட்பக்க மெனிஸ்கஸில், அதாவது மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பில், சிறு கிழிசல் இருப்பதாக அறிக்கை வந்தது. "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து காலைத் தரையில் வைக்கவே பயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மருத்துவர் நிதானமானவர். வலி இருக்கும் இடமும் கிழிசல் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். வலிப்பது சிப்பி எலும்பைக் கணைக்கால் எலும்போடு, அதாவது கெண்டைக்காலுக்கு முன்பக்கம் இருக்கும் எலும்போடு இணைக்கும் தசைநாண். கிழிசல் அதற்குத் தொடர்பில்லாமல் ஓரமாக இருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், இயன்முறை மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வொன்று கண்ணில் பட்டது. 2008இல் வெளியானது. ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டைக் கைவிட முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இயன்முறை மருத்துவரிடம் முதல் நாள் போனபோது அவர் என் முழங்காலைத் தொடுவதற்கு முன்பே, "அந்தப் பந்து கையில் இருக்கிறதா? வலி தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்கள்" என்றார். ஆடினேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு ஷூவையும் கழற்றிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

இடது ஷூவின் அடியில், கால் கட்டைவிரலின் மேடு ஊன்றும் இடத்தில், ரப்பரின் வரிகள் முழுவதுமாக மழுங்கி, வட்டமாக வழவழவென்று இருந்தது. வட்டத்தின் ஓரங்களில் ரப்பர் மெல்லிய உதிரியாகச் சுருண்டிருந்தது. அதே ஷூவின் குதிகால் பகுதி கிட்டத்தட்டப் புதிது. வலது ஷூவைத் திருப்பினால் அடிப்பாகம் முழுவதும் வரிகள் அப்படியே இருந்தன. ஆனால் அதன் உட்பக்கத் துணி, பந்து பட்டுப் பட்டு நூல் பிரிந்து பஞ்சாகியிருந்தது. "நீங்கள் வலது காலில் ஆடுகிறீர்கள். உழைப்பது இடது கால். உழைக்கும் காலுக்கு நீங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை" என்றார் அவர். வித்தைகளை எண்ணி எண்ணி எழுதி வைத்துக்கொண்ட இத்தனை ஆண்டுகளில், ஊன்றும் கால் எத்தனை முறை மடங்கி எழுந்தது என்ற பக்கத்திலிருந்து இந்த விளையாட்டை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து யார் வந்து வலி என்று சொன்னாலும் முதலில் ஷூவைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறேன். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்து ஆடுகிறார் என்பதை அது உடனே காட்டிவிடும்.

மூட்டு என்பது சைக்கிள் பேரிங்கைப் போல, சுற்றச் சுற்றத் தேய்ந்துகொண்டே போகும் பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உயிருள்ள திசுவுக்கு அது பொருந்தாது. மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய்கள் இல்லை. சுமை ஏறி இறங்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருவதால்தான் அதற்கு ஊட்டமே கிடைக்கிறது. அசைவே இல்லாத மூட்டுதான் பட்டினி கிடக்கும். ஓட்டக்காரர்களைப் பற்றி 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். நேராக ஓடுவதும் ஒற்றைக் காலில் முறுக்கி நிற்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் அசைவு தன்னளவில் மூட்டைத் தின்றுவிடுவதில்லை என்பதை இந்த எண்கள் தெளிவாகவே சொல்கின்றன. பிற்காலத் தேய்மானத்துக்கு வலுவான காரணங்களில் ஒன்று, முன்பு ஏற்பட்டுச் சரியாகத் தேறாத காயம். ஆகவே, நீண்ட காலக் கேடு பற்றிக் கவலைப்படுகிறவர் குறைத்துக்கொள்ள வேண்டியது ஆடும் ஆண்டுகளை அல்ல. காயத்தோடு ஆடும் நாட்களைத்தான்.

தசைநாணின் கதை வேறு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண் அதைவிட மிக மெதுவாகவே மாறும். கடினமாக உழைத்த பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அதில் சிதைவே மேலோங்கியிருக்கும், அதன் பிறகுதான் கட்டுமானம் முந்தும். தினமும் கடினமாக ஆடினால் கட்டி முடிப்பதற்குள் மறுபடி இடிக்கிறோம் என்று பொருள். புதிய வித்தை கைகூடி வரும் வாரத்தில்தான் இது நடக்கும். ஆசை ஆளை விடாது, ஒவ்வொரு நாளும் அதையே முயலத் தோன்றும். தசைக்கு அந்த வேகம் பிடித்துப்போகும், தசைநாண் பின்தங்கிவிடும். நான் இப்போது தாவலும் முறுக்கலும் உள்ள ஆட்டத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஆடுகிறேன். இடைப்பட்ட நாளில் பந்து கையில் இருந்தால், நின்ற இடத்தில் மெதுவாகத் தட்டுவதோடு சரி.

முழங்காலைத் தேற்றியது ஓய்வு அல்ல. முழு ஓய்வில் வலி போனது, திரும்ப ஆடியதும் வந்தது. இயன்முறை மருத்துவர் கொடுத்தது சுமை. முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்த நிலையில் முக்கால் நிமிடம் அசையாமல் நிற்பது. சற்று இடைவெளி விட்டு ஐந்து முறை. வலி அடங்கத் தொடங்கியதும், கையில் எடை வைத்துக்கொண்டு மிக மெதுவாக உட்கார்ந்து எழுவது. பிறகு ஒரு படிக்கட்டின் விளிம்பில் இடது காலில் நின்று, வலது குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மெதுவாக இறங்கி எழுவது. கண்ணாடி முன் இதைச் செய்தபோது எனக்குப் புரிந்தது: என் இடது முழங்கால் மடங்கும்போதெல்லாம் கட்டைவிரல் பக்கமாக உள்ளே சரிந்தது. கிளிப்பரில் அரை நொடியில் நடப்பதால் யார் கண்ணிலும் படாத அந்தச் சரிவு, படிக்கட்டில் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்வதற்குப் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகளை வலுப்படுத்த வேண்டியிருந்தது. மாதங்கள் பிடித்தன. குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முழங்காலைப் பற்றிப் பேசினால் இடுப்பு மூட்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். என் கணிப்பில், ஃபுட்பேக் ஆட்டக்காரரின் முழங்கால் வலிகளில் பல இடுப்பில்தான் தொடங்குகின்றன. பாதத்தின் உட்பக்கத்தால் தட்டும்போது தொடை வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். வெளிப்பக்கத்தால் தட்டும்போது உள்பக்கமாகச் சுழல வேண்டும். சுழலும் வேலை இடுப்பு மூட்டினுடையது. முழங்கால் மடங்கி நிமிரவே அமைந்தது, திருகுவதற்கு அதில் இருக்கும் இடம் மிகக் குறைவு. இடுப்பு இறுகிப்போனவர் பந்தை எட்ட முயலும்போது, இடுப்பு தர மறுத்த சுழற்சியின் மிச்சத்தை முழங்காலிடம் வாங்குகிறார். முழங்காலின் உட்பக்க இணைப்பு நாரும் மெனிஸ்கஸும் அந்தக் கடனைச் சுமக்கின்றன.

இதைச் சோதிப்பது எளிது. உயரமான நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்காருங்கள். தொடையை அசைக்காமல், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் வெளிப்பக்கமாக வீசிப் பாருங்கள். அது இடுப்பின் உட்சுழற்சி. பெரும்பாலோருக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரை போகும். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கணிசமாகக் குறைவாக இருந்தாலோ, கவட்டியின் முன்பக்கத்தில் கிள்ளுவதுபோல் வலித்தாலோ, அந்தப் பக்கத்தில் வெளிப்பாத வித்தைகளை வலிந்து பழகக் கூடாது. சிலருக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி சற்றுத் தடித்திருக்கும். அங்கே எலும்பும் கிண்ணத்தின் விளிம்பும் முட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்துப் பயிற்சி செய்தாலும் எலும்பு நீளாது, நடுவில் மாட்டிக்கொண்ட திசுதான் நசுங்கும். என்னோடு ஆடிய ஒருவருக்கு இப்படித்தான் இருந்தது. அவர் வெளிப்பாத வித்தைகளை ஒதுக்கிவிட்டு, விரல் நுனியிலும் உட்பாதத்திலும் ஏந்தும் வித்தைகளைக் கொண்டே தன் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார். பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக ஆடுவார். எல்லா வித்தையும் எல்லா உடலுக்கும் ஆனதல்ல என்பதை அவரிடம்தான் கற்றேன்.

வளரும் பிள்ளைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அளவுக்கு மீறிய சுமை, அந்தத் தொடை எலும்புத் தடிப்பை உண்டாக்கக்கூடும் என்பது இளம் கால்பந்து, ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் பத்து முதல் பதினைந்து வயதுக்குள் தாவி ஆடும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. அதனால் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஒரே வித்தையை வெறியோடு பழகுவதை மட்டும் பெரியவர்கள் தடுத்து, ஓடவும் நீந்தவும் வேறு விளையாட்டுகளை ஆடவும் அனுப்பினால் போதும்.

கணுக்கால் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதில் நான் பார்த்த சுளுக்குகளில் பெரும்பாலானவை, தாவி இறங்கும்போது தரையில் கிடந்த பந்தின் மீதே கால் வைத்ததால் வந்தவை. பல பேர் ஆடும் இடத்தில், கீழே விழுந்த பந்தை உடனே எடுத்துவிட வேண்டும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்கும். வலி போனதும் ஆடத் தொடங்காமல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சியைச் சில வாரங்கள் செய்தால் அந்த வாய்ப்பு குறையும். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் இறுகி வலிப்பவர்களுக்கு, படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி இருக்கிறது. 1998இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் பதினைந்து வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

கழுத்தையும் முதுகையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பந்து இடுப்புக்குக் கீழேயே இருப்பதால் தலை எப்போதும் குனிந்தே இருக்கிறது. சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை முன்னால் தொங்கவிட்டபடி ஒரு மணி நேரம் ஆடினால், மறுநாள் தோள்பட்டை நடுவில் கல் வைத்தது போலிருக்கும். பந்தை இன்னும் சற்று உயரமாக எழுப்பப் பழகியது எனக்கு உதவியது. பார்வை நிமிர்ந்தது, அவசரமும் குறைந்தது. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை பந்தைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கோத்து மார்பை விரித்து வானத்தைப் பார்க்கிறேன்.

ஷூ, தரை இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்கள் நீண்ட காலமாக விரும்பி அணிந்துவந்தது அடிடாஸ் ராட் லேவர் என்ற டென்னிஸ் ஷூ. முன்பகுதி அகலமாகப் பந்தை ஏந்தும்படி, கீழ்த் துளைகளில் கயிறு கோக்காமல் தளர்த்திவிடுவார்கள். பந்துக்கு அது நல்லது. பாதத்துக்கு, முன்பகுதியில் பிடிப்பில்லாமல் விரல்கள் உள்ளே கவ்விக்கொண்டே இருக்கும். ஆடி முடித்ததும் உள்ளங்கால் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கமாகக் கட்டுவதும், ஆடாத நேரத்தில் அதே ஷூவோடு நடக்காமல் இருப்பதும் எனக்கு ஒத்துவந்தன. தரையைப் பொறுத்தவரை எல்லோரும் கடினத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடிப்பின் மீதுதான் அதிக பயம். புதிய ரப்பர் அடிப்பாகமும், சொரசொரப்பான ரப்பர் விரிப்பும் சேர்ந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் இருப்பது முழங்கால். மரத்தளமோ வழவழப்பான சிமென்ட் தளமோ கிடைத்தால் அங்கேயே ஆடுங்கள். புது ஷூ வாங்கினால் சுழலும் வித்தைகளை முதல் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.

பயிற்சியின் அமைப்பில் நான் கடைப்பிடிப்பது அதிகமில்லை. தொடக்கத்தில் பத்து நிமிடம் வெறும் தட்டல், இரண்டு காலிலும் சம எண்ணிக்கையில். நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் தசை நீட்டல்களை ஆட்டத்துக்கு முன் செய்வதில்லை, முடித்த பிறகுதான். கடினமான வித்தையைத் தொடர்ச்சியாகப் பத்து முயற்சிக்கு மேல் ஒரே பக்கத்தில் செய்வதில்லை, பத்து முடிந்ததும் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். இடது பக்கம் எனக்கு இன்னும் தடுமாறுகிறது. அது பரவாயில்லை. அந்த நேரத்தில் வலது கால் ஊன்றிப் பழகுகிறது, இடது முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கிறது.

களைப்பைக் காதால் கண்டுபிடிக்கலாம். தாவி இறங்கும் ஒலியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது முன்பாதம் தொட்டு, குதிகால் தொடர்ந்து, ஒலி இரண்டாகப் பிரிந்து மெல்லக் கேட்கும். தொடைத் தசை களைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே "தொப்" ஆகிவிடும். அந்த ஒலி வந்தபின் விழும் சுமையைத் தசை தாங்குவதில்லை, மூட்டும் தசைநாணும் தாங்குகின்றன. இசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆடுபவர்கள் நடு நடுவே அதை நிறுத்திவிட்டுக் கேட்டுப்பாருங்கள். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தோன்றும் நேரமும் பெரும்பாலும் அந்த ஒலியும் சேர்ந்தே வரும்.

வலி இருந்தால் ஆடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பத்துக்கு மூன்று அல்லது நான்கு அளவு, ஆடும்போது கூடாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு அடங்கிவிட்டால், தசைநாண் வலியைப் பொறுத்தவரை ஆடலாம். மறுநாள் கூடியிருந்தால் முந்தைய நாள் ஆட்டம் அதிகம் என்று பொருள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மறுநாள் காலையில் உடல் தரும் தகவல் ஒன்றுதான் நம்மிடம் இருக்கும் அளவுகோல், மாத்திரை அதை அழித்துவிடும். முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நிமிர மறுப்பது, ஆடிய சில மணி நேரத்தில் மூட்டு வீங்குவது, ஊன்றும்போது கால் நழுவி விட்டுக்கொடுப்பது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கணுக்கால் அடிபட்டு நான்கு அடி எடுத்து வைக்கக்கூட முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் பந்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். காத்திருந்து பார்க்கும் விஷயங்கள் அல்ல இவை.

இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. காய்ச்சலோ வேலையோ எதுவானாலும், ஒரு மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் வித்தை மறந்திருக்காது. கண்ணும் காலும் ஓரிரு நாளில் பழைய நேரத்தைப் பிடித்துவிடும். ஆனால் தசைநாண் அந்த ஒரு மாதத்தில் வலுவை இழந்திருக்கும். முதல் வாரம் தட்டலும் ஏந்தி நிறுத்துவதும் மட்டும், தாவல் வேண்டாம். இரண்டாவது வாரம் காலைப் பந்தைச் சுற்றி வளைக்கும் எளிய வித்தைகள், ஊன்றிய கால் தரையை விட்டு எழாமல். கிளிப்பரும் சுழற்சியும் மூன்றாவது வாரத்தில், அதுவும் பாதி நேரம்தான். அதற்குள் காலையில் படி இறங்கும்போது முழங்கால் எதுவும் சொல்லாமல் இருந்தால், நான்காவது வாரத்தில் தாவத் தொடங்குங்கள்.